அழைத்தவரே மீண்டும் அழைப்பார்

அத்தியாயம் 11

தயாபரன் வீட்டில் ஐந்து மாதமாக மழையைப் பற்றித்தான் அதிகம் கதைக்கிறார்கள்.

"கொட்டாஞ்சேனைப் பக்கம் மழையோ?" என்று காலையில் தேநீரை வாங்கும்போது தயாபரன் கேட்டார்.

வெள்ளவத்தையில் வானம் வெளித்திருந்தது. கொட்டாஞ்சேனையும் கொழும்பில்தான், வேறு நாட்டில் இல்லை. ஆனால் மகன் கஜேந்திரன் கலியாணம் முடித்து, அங்கே மனைவி ரொஷேலின் தாய் வீட்டில் குடியேறிய பிறகு, அவன் பெயரைச் சொல்லாமல் அவரால் கேட்க முடிந்த ஒரே கேள்வி அதுதான்.

"லேசாத் தூறினதாம். கஜன் சொன்னவன்," என்றாள் அம்மா. "அப்பாட முழங்கால் நோ எப்பிடி எண்டும் கேட்டவன்."

அப்பா தலையை ஆட்டினார். கோப்பையை வைத்துவிட்டு முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கிப் போனார்.

மகள் துஷ்யந்தி இடியப்பத்தைப் பிட்டபடி அம்மாவைப் பார்த்தாள். நேற்று அண்ணாவோடு கதைத்தது அவள்தான். முழங்காலைப் பற்றி அண்ணா ஒரு சொல்லும் கேட்கவில்லை. மழையும் பெய்யவில்லை.

"என்ன பார்வை? அந்த மனுசன் ஒரு வாய் தேத்தண்ணியை நிம்மதியாக் குடிக்கட்டும்."

"நாளைக்கு இரவு, அம்மா?"

அம்மா சம்பல் கிண்ணத்தை மூடினாள். நாளை இரவு கஜேந்திரன் கட்டாருக்குப் போகிறான். இரண்டு வருட ஒப்பந்தம். அது அந்த வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்பது அம்மாவின் யோசனை. போன கிழமை துஷ்யந்தியும் அதற்குத் தலையாட்டியிருந்தாள்.

தலையாட்டுவது அவளுக்குச் சுலபம். வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

*

நடந்தது பெரிய சண்டையும் இல்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு வருகிறேன் என்ற கஜேந்திரன் வரவில்லை. பின்னேரம் அப்பாவின் கைபேசியில் அவனுடைய மிஸ்ட் கோல் ஒன்று விழுந்தது. அவனுடைய ரீலோட் காசு முடிந்திருக்கும் என்று நினைத்து அப்பா திரும்ப எடுத்தார். ஏன் வரவில்லை என்று கேட்டார். குரல்கள் உயர்ந்தன.

"அப்பா, நான் அந்த வீட்டை வாறதெண்டா..." என்றான் கஜேந்திரன்.

அவ்வளவுதான். லைன் கட் ஆகிவிட்டது. ரொஷேல் வீட்டு மாடிப்படியில் சிக்னல் நிற்பதில்லை.

வேறு வீடாக இருந்தால் யாராவது ஒருவர் மறுபடி எடுத்திருப்பார். இந்த வீட்டில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது.

ரீலோட் போடுவதும் போட்டோ கொப்பி எடுப்பதுமாக இன்று நடக்கும் அப்பாவின் கடை, ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கோல் எடுக்கும் கொமியுனிகேஷனாக இருந்தது. லொட்ஜுகளில் தங்கியிருந்த சனம் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் கோலுக்காக வாங்கில் வரிசையாக இருக்கும். நடுவில் லைன் போய்விட்டால் இங்கே இருப்பவர் பதறிப்போய் அங்கே சுற்றுவார். அங்கே இருப்பவர் இங்கே சுற்றுவார். இரண்டு பக்கமும் எங்கேஜ். அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் அப்பா தன் கையால் ஒரு பலகை எழுதி மாட்டினார்.

'தொடர்பு அறுந்தால் அழைத்தவரே மீண்டும் அழைப்பார். மற்றவர் காத்திருக்கவும்.'

பிள்ளைகள் இருவரும் அந்தப் பலகையில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியவர்கள். வீட்டிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. எடுத்தவர் எடுக்க வேண்டும்.

ஆனால் அன்று எடுத்தவர் யார்? முதலில் ரிங் பண்ணியது அவன் என்றார் அப்பா. கோல் வந்தது அப்பாவிடமிருந்து என்றான் கஜேந்திரன். இருவரும் சட்டத்தை மீறாமல் காத்திருந்தார்கள். சித்திரை போய் இப்போது புரட்டாதி.

*

துஷ்யந்தி வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் கிருலப்பனையில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறது. கண் மருத்துவ நிலையங்களில் எடுக்கப்படும் விழித்திரைப் படங்களை, நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் ஒரு சேமிப்பகத்துக்கு வலையமைப்பு வழியாக அனுப்பும் நிரல் அவர்களுடையது. தாதி படம் எடுப்பார். திரையில் ஒரு பச்சை அடையாளம் விழும். படம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கிழமை ஒரு நிலையத்தில் பச்சை விழுந்தும் படம் சேரவில்லை. வைத்தியர் தேடியபோது சேமிப்பகத்தில் ஒன்றும் இல்லை. லேசர் சிகிச்சைக்கு முன்னர் எடுத்த படம் அது. சிகிச்சை முடிந்துவிட்டது. அந்தக் கண்ணை முன்பிருந்த மாதிரி இனி யாரும் படம் எடுக்க முடியாது.

காலையிலிருந்து அவள் நிரலைக் கீழிருந்து மேலாக வாசித்தாள். ஆகக் கீழே தொடர்பைத் திறக்கும் பகுதி. அதன் மேல், படத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் பகுதி. அதற்கும் மேல், எந்தத் துண்டு போனது என்று பார்த்துக்கொள்ளும் பகுதி. ஆக மேலே, தாதி பார்க்கும் திரை.

தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு பகுதியும் தன் பாட்டில் சமாளித்தது. சில தரம் முயன்று பார்த்தது. சரிவராவிட்டால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே சொல்லி அனுப்பியது. மேலே இருந்தது அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, தனக்கு மேலே இருந்ததிடம் இன்னும் கொஞ்சம் இதமாகச் சொன்னது. திரைக்கு வந்துசேரும்போது பச்சை.

எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் வந்து, ஒரு முறைப்பாட்டை அடக்க ஒரு முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பக்கத்து மேசை நிஹ்லா கதிரையை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். மருதானைக்காரி. சிரிக்காமல் பகிடி விடுவாள்.

"எத்தன பேர் சேந்து இந்த எரர அடக்கம் பண்ணிரிக்காங்க பாருங்க துஷி. ஒருத்தராவது ஆள் மவுத்துன்னு வாயத் தொறந்து சொல்லல்ல."

துஷ்யந்தி சிரித்தாள். பிறகு நடுப்பகுதியில் ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது. அங்கே, தொடர்பு அறுந்ததும், சேமிப்பகம் திரும்பக் கூப்பிடும் வரை காத்திரு என்று யாரோ எழுதியிருந்தார்கள். சேமிப்பகம் ஒருநாளும் கூப்பிடாது. கூப்பிட்டால் பதில் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. ஆகவே இரண்டு பக்கமும் காத்திருந்தன. யாராவது வந்து கணினியை அணைத்துப் போடும்வரை காத்திருந்தன.

அந்த வரியை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பத்தரைக்குக் கூட்டம். குழுத் தலைவர் ஹியூபேட் அவசரத்தில் இருந்தார். அந்த மருத்துவ நிலையம் ஏற்கெனவே இரண்டு தடவை கோபமாகக் கோல் எடுத்துவிட்டது. இந்தப் பிழை நடந்த இடத்தில் மேலதிகமாக ஒரு செக் போட்டுப் பின்னேரத்துக்குள் அனுப்பிவிடும்படி சொன்னார். எல்லோரும் எழும்பத் தயாரானார்கள்.

"இன்னொண்டு போட்டா, அதுவும் சரியெண்டுதான் சொல்லும்," என்றாள் துஷ்யந்தி.

அவள் கூட்டத்தில் வாய் திறந்ததை அதுவரை யாரும் கண்டதில்லை. ஹியூபேட் மறுபடி உட்கார்ந்தார்.

அவள் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். முட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கீழே இருப்பவை முயல வேண்டாம், சமாளிக்க வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்கவும் வேண்டாம். அறுந்தால் அறுந்தது என்று மட்டும் மேலே சொல்லட்டும். ஏன் அறுந்தது என்பது தெரிந்தால் அதையும் சொல்லட்டும். அனுப்பத் தொடங்கியது எதுவோ, திரும்ப அனுப்புவதா இல்லையா என்று அது மட்டும் தீர்மானிக்கட்டும். பாதி போன படத்தை வைத்து மீதியை ஊகிக்க வேண்டாம். முழுதாகத் திரும்ப அனுப்பலாம். அப்படியும் முடியாவிட்டால் திரையில் சிவப்பு. படம் சேரவில்லை.

"சிவப்பக் கண்டா நாளைக்கு எல்லா இடத்திலயிருந்தும் கம்ப்ளெயின்ட் வரும், துஷ்யந்தி."

"ஓம். வரும்." அவள் தலையை நிமிர்த்தினாள். "இப்ப வராமல் இருக்கிறதுதான் பிரச்சினை."

ஹியூபேட் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, இன்றைக்கு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

கட்டுவதை விட அழிப்பதற்கு அதிக நேரம் எடுத்தது. ஒவ்வொரு முட்டாக எடுக்கும்போது, அதை நம்பி மேலே என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மின்சாரம் போய் வரும்போது எல்லாக் கணினிகளும் ஒரேயடியாகச் சேமிப்பகத்தில் மோதாமல், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் பொறுத்து முயலும்படி நிஹ்லா ஒரு வரி சேர்த்தாள். கடைசியில் மிஞ்சியது ஒரே பார்வையில் வாசித்துவிடக்கூடியதாக இருந்தது.

*

சாப்பாட்டு நேரம் பின்பக்கப் படியில் இருந்தபோது அண்ணா கோல் எடுத்தான். ஒருகொடவத்தைக் கொள்கலன் முனையத்தில் அவனுக்கு அன்று கடைசி நாள். பின்னால் பாரந்தூக்கியின் சத்தம் கேட்டது.

சாப்பிட்டாயா, என்ன கறி என்றெல்லாம் கேட்டான். பிறகு வழக்கம்போல, கவனமில்லாதவன் மாதிரிக் கேட்டான்.

"அப்பா என்னவாம்? ஏதும் கேட்டவரோ?"

அதற்கு அவளிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது. ஓம் அண்ணா, நீங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்யிறியள் எண்டு கேட்டவர். ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி அது தேய்ந்திருந்தது. அதைக் கேட்டதும் அண்ணா ஒரு மூச்சு விடுவான். அப்பா கோபமாக இல்லை, இன்றோ நாளையோ எடுப்பார் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிடுவான். இந்தப் பக்கம் அம்மா சொல்லும் முழங்கால் கதையைக் கேட்டு, மகன் எடுக்கத்தான் போகிறான் என்று அப்பா நினைத்துக்கொள்வார்.

"இல்லை, அண்ணா."

"இண்டைக்குக் கேக்கேல்லையோ?"

"ஒருநாளும் கேக்கேல்லை. இவ்வளவு நாளும் நான் சொன்னது, நானாச் சேர்த்துச் சொன்னது."

பாரந்தூக்கி எதையோ இறக்கியது. லைன் நன்றாக இருந்தது. அவன் மூச்சுக்கூடக் கேட்டது.

"ஒண்டே ஒண்டுதான் கேக்கிறவர்," என்றாள். "கொட்டாஞ்சேனையில மழையோ எண்டு."

"மழையோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் காலமை."

"சரி, துஷி. வைக்கிறன்."

வைத்துவிட்டான். அவன் உடைந்தானா, கோபித்தானா, அவளுக்குத் தெரியவில்லை. ஊகிக்கவும் அவள் விரும்பவில்லை. பார்சலில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பின்னேரம் நாலு மணிபோல் மருத்துவ நிலையத்திலிருந்து தாதி எடுத்தார். திரை சிவந்துவிட்டதாம். பயந்துபோனாராம். பிறகு திரும்ப அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாராம். பச்சை வந்ததாம். வைத்தியர் சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தாராம், படம் இருந்ததாம். இனிமேல் பச்சை என்றால் பச்சைதானே என்று தாதி கேட்டார். ஓம் என்றாள் துஷ்யந்தி. அந்த ஓம் என்ற சொல்லை அன்று முதல் தடவையாக நிம்மதியாகச் சொன்னாள்.

*

வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனாள்.

அப்பா யாருடையவோ அடையாள அட்டையைப் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை அவள் பலகையின் கீழே நின்றாள். கறுப்பு மை அங்கங்கே உதிர்ந்திருந்தது. அம்மாவைக் கேட்காமல் இதைச் செய்கிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் நடக்காது என்றும் தோன்றியது.

"அப்பா, அண்ணா உங்கட முழங்காலைப் பற்றிக் கேக்கேல்லை."

"அம்மா சொன்னவ."

"நீங்கள் நிம்மதியா இருக்கவேணும் எண்டு அம்மா சொல்லுறவ. நானும் அண்ணாவுக்கு அப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருந்தனான், நீங்கள் விசாரிச்சதா." ஒரு மூச்சு எடுத்தாள். "அண்ணா நாளைக்கு இரவு கட்டாருக்குப் போறார். ரெண்டு வருசம்."

அப்பா இயந்திரத்தின் பக்கம் திரும்பி எதையோ அழுத்தினார். மூடி திறந்தே கிடந்தது. வெளிச்சம் வெறுமையாக ஒருமுறை ஓடியது. முழுக்கக் கறுத்த தாள் ஒன்று வெளியே வந்தது. அதை எடுத்துப் பார்த்தார்.

"அவன் எனக்குச் சொல்லேல்லை."

"சொல்லுறதுக்கு யாராவது எடுக்கவேணுமே. நீங்கள் எடுப்பியள் எண்டு அவர் இருக்கிறார்."

"முதல்ல ரிங் பண்ணினது அவன்."

"அது மிஸ்ட் கோல், அப்பா. கதைக்க எடுத்தது நீங்கள்."

அவர் தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தார். தான் எழுதியதைத் தானே முதல் முறை வாசிப்பவர்போல நிதானமாக வாசித்தார்.

"இது எழுதேக்க மிஸ்ட் கோல் எண்டு ஒண்டு இருக்கேல்லை," என்றார்.

பிறகு கைபேசியை எடுத்து மகனின் இலக்கத்தை அழுத்தினார். காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். சிங்களத்தில் ஒரு பெண் குரல், அந்த இலக்கம் வேறோர் அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. வெட்டிவிட்டு மறுபடி எடுத்தார். அதே குரல். விரல் மூன்றாம் முறை போனபோது துஷ்யந்தி கைபேசியின் மேல் கையை வைத்தாள்.

"பொறுங்கோ. அங்கேயிருந்தும் எடுக்கினம் போல. ரெண்டு பக்கமும் ஒரே நேரம் எடுத்தா ரெண்டும் சரிவராது."

அது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. கையை எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கைபேசி மேசைக் கண்ணாடியின் மேல் கிடந்தது. காலி வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

கைபேசி அதிர்ந்தது. கஜன் என்று பெயர் விழுந்தது.

அப்பா ஹலோ சொல்லவில்லை.

"அண்டைக்குப் பாதியில கட் ஆனது. அந்த வீட்டை வாறதெண்டா எண்டு சொன்னனீ. மிச்சத்தை நானா யோசிச்சுப் பார்த்துக்கொண்டிருந்தனான், எல்லாம் பிழையா இருக்கலாம். நீ சொல்லு. நான் கேக்கிறன்."

மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று துஷ்யந்தி திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"மாமா," என்றது ஒரு பெண் குரல். "நான் ரொஷேல் பேசுறேன்."

ஐந்து மாதத்தில் அப்பா மகனுக்கு முதல் தடவையாகச் சொன்னது, சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

ரொஷேல் அவசரமாகச் சொன்னாள். கஜேந்திரன் வேலையிலிருந்து நேரத்தோடு வந்தானாம். இன்றைக்கு இங்கே மழை பெய்ததா என்று அவளிடம் கேட்டானாம். இல்லையென்று சொன்னதும் சிரித்தானாம், பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்தானாம். அவள் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஆளும் இல்லை, கட்டியிருந்த சூட்கேஸும் இல்லை. கைபேசி மட்டும் தலையணையில் கிடந்தது. அதிலிருந்துதான் எடுக்கிறாள்.

"ஃப்ளைட் நாளைக்குத்தானே, மாமா. அங்க வாராரான்னு கேக்கத்தான் எடுத்தேன்."

"இன்னும் வரேல்லை, பிள்ளை," என்றார் அப்பா. பிள்ளை என்று அவர் அவளைக் கூப்பிட்டதில்லை. "நீ வீட்டிலேயே இரு. அவன் திரும்பி வந்தா நீ எடு. நாங்கள் எடுக்க மாட்டம், லைன் சும்மா இருக்கட்டும். இங்க வந்தா நான் எடுக்கிறன்."

வைத்ததும் வெளியே வந்து ஷட்டரை இழுக்கத் தொடங்கினார். கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போய்ப் பார்க்கலாம் என்றார். முழங்கால் வலி அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அவர் இங்க வந்துகொண்டிருந்தா?" என்றாள் துஷ்யந்தி.

ஷட்டர் பாதியில் நின்றது. அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அதைத் திரும்ப மேலே தள்ளினார்.

"அப்ப நீ போ. வழியில, பஸ் நிக்கிற இடங்களில பார்த்துக்கொண்டு போ. ரெண்டு பேரும் வெளிக்கிட்டா, அவன் வரேக்க இங்க ஆளிருக்காது."

அவள் கை காட்டிய ஓட்டோ ஓரமாக நின்றது. ஏறி உட்கார்ந்ததும் அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். அந்தக் குனிதலில் முழங்கால் வலித்திருக்கும்.

"அவனைக் கண்டா, அப்பா என்ன சொன்னவர் எண்டு சொல்லுவாய்?"

துஷ்யந்தி கொஞ்சம் யோசித்தாள். நல்ல வசனங்கள் எத்தனையோ வாயில் வந்தன. ஐந்து மாதம் பழகிய வாய்.

"நீங்கள் சொல்லவேண்டியதை நீங்கள்தான் சொல்லவேணும், அப்பா. நீங்கள் இங்க நிக்கிறியள் எண்டு மட்டும் சொல்லுவன்."

ஓட்டோ நகர்ந்தது. அப்பா ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்தபடி இரண்டு அடி கூடவே வந்தார். பிறகு கையை எடுத்தார்.

"ஓம்," என்றார். "நிக்கிறன்."